கூண்டில் நிற்கும் நீதிபதிகள்

மேட்டிமையான இறையியல் சொற்களை நீட்டி அளக்காமல், விவிலியத்தின் நியாயத்தீர்ப்புக் கவிதைகளைப் போடிமெட்டுக்கு மேலே கொண்டுபோய் வைத்துப் பார்க்கலாம். பூப்பாறை வழியாக மூணாறு, அதற்கும் அப்பால் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வசித்த லயங்களை மூடியது. இறந்தவர்கள் 70 பேர். நால்வரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. பெரும்பாலோர் தமிழர்கள், கயத்தாறு வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். இந்தச் சாவுகளுக்கு முன்னால் எந்தக் கவிதை தாங்கும்?

சங்கீதம் 37 தாங்கவில்லை. தன் ஆயுளில் நல்லவன் கைவிடப்பட்டதைக் கண்டதே இல்லை என்கிறார் அதன் கவிஞர். அக்கிரமக்காரன் செழிப்பதைப் பார்த்துப் புழுங்கும் ஏழையைத் தேற்ற எழுந்த பாட்டு, நோக்கத்தில் பழுதில்லை. சாட்சியம்தான் பொய்.

யோபுவின் பிள்ளைகளும் வீடு இடிந்து விழுந்தே செத்தார்கள். துக்கம் கேட்க வந்த பில்தாத், பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான கூலி என்கிறான். எந்தச் சாவு வீட்டிலும் இப்படி ஒருவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார்! அவனையும் அவன் கூட்டாளிகளையும் அந்த நூலே தவறென்று தள்ளிவிடுவது பெரிய துணிச்சல். ஆனால் சூறைக்காற்றிலிருந்து கடவுள் பேசும் பகுதி, கவிதையாக உச்சம் என்றாலும், பதிலாகப் போதவில்லை. ஆளில்லாத காட்டிலும் மழையைப் பொழிவிப்பது யார் என்று கேட்கிறார். மழை மனிதக் கணக்கில் அடங்காது, ஒப்புக்கொள்கிறேன். பெட்டிமுடியில் ஆட்கள் இருந்தார்களே; அவர்களை மலையடியில் குடிவைத்தது மேகம் அல்ல. குடிவைத்தது யார் என்ற கேள்விக்கு யோபுவில் இடமே இல்லை.

ஆமோஸ் இன்னும் கிட்டே வருகிறார். படியைச் சிறிதாக்கி, தராசில் கள்ளம் செய்து, ஏழையை மிதிக்கும் வியாபாரிகளால் நிலமே அதிரும் என்கிறார். குற்றத்தைப் பெயர் சொல்லிக் காட்டும் இந்தத் துல்லியம் சங்கீதக்காரர்களிடம் அபூர்வம். தண்டனையில்தான் சறுக்கல். நிலம் அதிர்ந்தால் வியாபாரியின் மாளிகையை மட்டும் தேடிப் பிடித்தா அதிரும்? இதே மலைத்தொடரில் குமுளிக்கு மேலே, சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. இளங்கோவின் கண்ணகி மதுரைக்குத் தீ வைக்கும்போதே முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொல்கிறாள். (பட்டியலில் பார்ப்பாரும் பசுவும் இடம்பெற்றிருப்பது தனி விசாரணை.) சினத்தின் உச்சியிலும் விலக்கு வைக்கத் தெரிந்த அவள், இந்த ஓர் இடத்தில் ஆமோஸை மிஞ்சுகிறாள்.

என் தீர்ப்பு 82ஆம் சங்கீதத்தின் பக்கம். எட்டே வசனங்கள். வான்சபை நடுவே கடவுள் எழுந்து நியாயாதிபதிகளையே விசாரிக்கிறார்: எதற்கு முகம் பார்த்துத் தீர்ப்புச் சொன்னீர்கள், எளியவனையும் திக்கற்றவனையும் ஏன் காக்கவில்லை? பூமியின் அடித்தளம் அசைவதாக இதுவும் சொல்கிறது. ஆனால் தண்டனை ஊர்மேல் விழவில்லை. மனிதரைப் போலச் சாவீர்கள் என்று அதிகாரத்தில் இருந்தவர்கள் தலையில் மட்டும் விழுகிறது. பாதிக்கப்பட்டவனிடம் பாவக்கணக்குக் கேட்காத கவிதை இது.

முகம் பார்த்தல் என்ற குற்றச்சாட்டு பழங்கதையும் அல்ல. பெட்டிமுடிக்கு மறுநாள் கோழிக்கோட்டு விமான நிலையம் இருக்கும் கரிப்பூரில் விமான விபத்து. அங்கே இறந்தோர் குடும்பத்துக்குக் கேரள அரசு அறிவித்தது தலைக்குப் 10 லட்சம் ரூபாய்; பெட்டிமுடிக்கு 5 லட்சம். முதலமைச்சர் கோழிக்கோட்டுக்கு மறுநாளே போனார். மூணாறுக்கு வந்தது ஆகஸ்ட் 13இல். சாலையும் வானிலையும் காரணமாக இருக்கலாம். தொகைக்கு வானிலையைக் காரணம் சொல்ல முடியாது.

82இல் குறை இல்லாமல் இல்லை. ஆமோஸின் தராசைப் போலக் கையில் பிடித்துக் காட்ட ஒரு தடயம்கூட அதில் கிடையாது. கண்ணகி வழக்குரைத்த பாண்டியன் தன் பிழையை உணர்ந்து அரியணையிலேயே உயிர்விட்டான். இந்த நியாயாதிபதிகள் வாயே திறப்பதில்லை. கடைசி வசனமோ, எழுந்து நியாயம் தீரும் என்று கடவுளிடமே மனுப் போடுகிறது. அதாவது தீர்ப்பு வாசிக்கப்பட்டது, நிறைவேறவில்லை என்பதைக் கவிதையே ஒத்துக்கொள்கிறது. நிறைவேறிவிட்டதாகச் சாதிக்கும் 37ஐவிட இதை மேலாக வைப்பதற்கு எனக்கு இதுவே முதல் காரணம்.