சோலை இருட்டில் ஒரு பழைய கேமரா

2008-இல் வந்த நிக்கான் டி90 போன்ற பழைய டிஎஸ்எல்ஆரின் அருமை, கொடைக்கானல் பாம்பே சோலைக்குள் போனால்தான் முழுதாகத் தெரியும். நண்பகலிலும் அங்கே பாசி படர்ந்த கிளைகளுக்கு அடியில் ஒரு பச்சை இருட்டு. வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால், புதருக்குள் தத்தும் பழனி சிரிப்பான் பறவையின் வெண்புருவம் திரையின் தாமதம் ஏதுமின்றி நேராகத் தெரிகிறது. ஜூம் வளையம் விரலுக்கு லேசாக முரண்டுபிடித்தே சுழலும். ஷட்டரை அழுத்தினால் உள்ளே கண்ணாடி எழுந்து விழும் அந்தக் கனத்த 'டக்'. சட்டைப்பையில் அடங்கும் சூப்பர்ஜூம் கேமராவின் சென்சாரைவிட இதன் சென்சார் பரப்பில் ஏறத்தாழ 13 மடங்கு பெரியது. ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்றினாலும் பாசியின் இழைகள் குழைந்துபோகாமல் நிற்பது அதனால்தான்.

கழுத்தை இழுக்கும் எடை, சூப்பர்ஜூமின் அந்த 30 மடங்கு ஜூமும் இல்லையே என்பார்கள். நியாயம்தான், தெளிந்த காலையில் தூண் பாறையின் வெடிப்புகளைச் சூப்பர்ஜூம் எட்டிப் பிடிப்பதுபோல, அதே எடையில் வேறொன்றும் பிடிக்காது. ஆனால் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிவிட்டால் அது பாறையோடு மூட்டத்தையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. அப்போது ஆட்டோஃபோகஸ் இரண்டிலுமே தடுமாறும். டிஎஸ்எல்ஆரில் அதை அணைத்துவிட்டு, லென்ஸ் வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, பாறையின் விளிம்பு கூராகும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.