இடது பக்கம் கொஞ்சம் மந்தமா இருக்கு

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வருகிற சராசரி செய்தி ஒன்று:

"மச்சி, கேபிள் வந்துருச்சு. நாலு நாளா பாப்பாவுக்கு ஜுரம், இன்னிக்குத்தான் பார்சலையே பிரிச்சேன். பேஸ் நல்லா இறுக்கமா இருக்கு. அப்பாவுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன். மிட்ஸ் மட்டும் கொஞ்சம் பின்னாடி போயிட்ட மாதிரி தோணுது."

ஐந்து நிமிடத்தில் பதினோரு பதில்கள். அதில் பத்து, கேபிளை மாற்றினால் மிட்ஸ் மாறுமா மாறாதா என்ற பழைய சண்டை. ஒன்றே ஒன்றுதான், "அப்பாவுக்கு எந்த ஹாஸ்பிடல்டா?"

நாங்கள் ஐந்து பேர். நான்கு பேர் கோவையில் ஒரே ஹாஸ்டலில் இருந்தோம். ஐந்தாமவர் ஒரு வருடம் சீனியர், அதனால் இன்றைக்கும் 'அண்ணா'. அவரிடம் மாமா கொண்டுவந்து கொடுத்த ஒரு சென்ஹைசர் ஹெச்டி 600 இருந்தது. 1997-இல் வந்த மாடல், 300 ஓம் மின்தடை. ஹாஸ்டல் லேப்டாப்பால் அதைச் சரியாக ஓட்ட முடியாது, சத்தம் மெலிசாகத்தான் வரும். அந்த மெலிசான சத்தத்தில், இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தில் வயலின் கம்பியை வில் உரசுவதை நான் முதன்முதலாகக் கேட்டேன். அதுவரை ரிச்சி தெருவில் வாங்கிய நூற்றைம்பது ரூபாய் இயர்போனில் அதே ஆல்பத்தை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அந்த உரசல் இத்தனை நாள் எங்கே இருந்தது? இந்தக் கேள்வியிலிருந்து நாங்கள் ஐந்து பேரும் இன்னும் வெளியே வரவில்லை. பத்து வருடம் ஆகிவிட்டது. கல்யாணம், வேலை மாற்றம், இரண்டு சாவு எல்லாவற்றையும் ஹெட்ஃபோன் பேச்சுக்கு நடுவேதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பேச்சை ஒரு எழுத்து வகையாக எடுத்துக்கொண்டு விமர்சித்துப் பார்த்தால் என்ன? நாவலை, சினிமாவை, ஏன் மீம்களைக்கூட விமர்சிக்கிறோம். தினமும் நாமே எழுதுகிற இதை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

இதற்கு எழுதப்படாத விதிகள் உண்டு. வீட்டுச் செய்தி தனியாக வராது, ஒரு கருவியின் முதுகில் ஏறித்தான் வரும். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் கருவியுடையவை, வாழ்க்கை நடுவில். ஆலோசனை தாராளமாகக் கிடைக்கும், ஆறுதல் கிடைக்காது. 'கஷ்டமா இருக்கு' என்று யாரும் எழுத மாட்டார்கள். மூன்று வருடம் முன்பு ஒருவன், "ஆம்ப்பை விக்கலாம்னு இருக்கேன், யாருக்காச்சும் வேணுமா?" என்று மட்டும் போட்டான். அண்ணா உடனே அவனைத் தனியாகக் கூப்பிட்டார். அவனுக்கு வேலை போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஆம்ப்பை அண்ணாவே வாங்கிக்கொண்டார். அது இன்றும் அவர் வீட்டில் பிரிக்காமல் இருக்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

சங்க இலக்கியம் கொஞ்சம் படித்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. அகப்பாடலில் காதலர்களுக்குப் பெயர் இருக்காது. பெயர் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. உள்ளே இருப்பதை வெளியே இருக்கும் பொருளை வைத்துத்தான் சொல்ல வேண்டும். மருதநிலத்து எருமை குளத்துப் பூவை மிதித்துக்கொண்டு போகிறது என்று தோழி சொன்னால், பேச்சு எருமையைப் பற்றியது இல்லை, தலைவன் செய்துவிட்டு வந்ததைப் பற்றியது. இதற்கு உள்ளுறை என்று பெயர். இப்படிச் சொல்லப் பயன்படும் கருப்பொருள்களின் பட்டியலில் மரம், பறவை, உணவு, தொழிலோடு பறையும் யாழும் இருக்கின்றன. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை, ஒரு யாழ். எங்கள் நிலம் பேச்சிலர் ரூமும் மெட்ரோவும் நைட் ஷிஃப்ட் கேன்டீனும் என்றால், எங்கள் யாழ் இந்த ஹெட்ஃபோன். 'ஆம்ப்பை விக்கலாம்னு இருக்கேன்' என்பது ஒரு நல்ல உள்ளுறை.

இந்த ஒப்பீடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். போன வருடம் வரை.

போன வருடம் எங்களில் ஒருவன், ஓசூரில் இருப்பவன், இப்படி எழுதினான்:

"இடது பக்கம் கொஞ்சம் மந்தமா இருக்கு. ட்ரெபிளே இல்ல. இந்த செட்ல யாருக்காச்சும் இப்படி வந்துச்சா? மறுபடி நைட் ஷிஃப்ட் போட்டுட்டாங்க."

நாங்கள் பாய்ந்து விழுந்து உதவினோம். ஜாக்கை ஸ்பிரிட் வைத்துத் துடை. நாசில் வலையில் மெழுகு அடைச்சிருக்கும், பாரு. டிரைவர் போயிருக்கும், வாரண்டி இருக்கா? நான் இயர்டிப்ஸ் பற்றி ஆறு வரி எழுதினேன். காதோடு சரியாக ஒட்டாவிட்டால் ஒலியின் சமநிலை எப்படிக் கெடும் என்று விளக்கமாக எழுதினேன். அதற்கு அண்ணா ஒரு கைதட்டல் ஸ்மைலி போட்டார். அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பழுது எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை போதும். இடது பக்கத்தை வலது காதிலும், வலது பக்கத்தை இடது காதிலும் மாட்டிப் பார்க்க வேண்டும். மந்தம் இன்னொரு காதுக்குப் போனால் பழுது ஹெட்ஃபோனில், அல்லது அதற்குப் பின்னால் உள்ள கருவியில். மந்தம் இடது காதிலேயே நின்றால் பழுது காதில். இது எங்கள் ஐந்து பேருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

பத்தொன்பதாவது நாள் அவன் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனான். திடீர் செவித்திறன் இழப்பு. உள்காதில் வருவது, பெரும்பாலும் காரணம் தெரியாது. ஒரே காதில், சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாளிலோ வந்துவிடும். சளி, மெழுகு என்று நினைத்து எல்லோரும் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போடவே கூடாது. ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்புவதற்கு நல்ல வாய்ப்பு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவனுக்குக் கொஞ்சம் திரும்பியது. மேல்ஸ்தாயி திரும்பவில்லை.

பிறகு ஒருநாள் போனில் கேட்டேன்.

"திருப்பி மாட்டிப் பாக்கவே இல்லையாடா?"

"மொத நாள் ராத்திரியே பாத்துட்டேன். காதுதான்னு தெரியும்."

"அப்புறம் ஏன்டா செட்டைப் பத்திக் கேட்ட?"

"வேற எப்படிடா கேக்கறது?"

அதற்குப் பிறகு அந்தச் செய்தியை ஒரு கவிதையைப் படிப்பது போலப் பலமுறை படித்தேன். ஒரு சொல் அதில் துருத்திக்கொண்டு நிற்கிறது. 'மந்தம்'. பத்து வருடத்தில் எங்கள் குழுவில் யாரும் அந்தச் சொல்லை எழுதியதில்லை. ட்ரெபிள் குறைவாக இருந்தால் 'டார்க்' என்போம், 'டல்' என்போம், 'ரோல்-ஆஃப்' என்போம். மந்தம் என்பது செட்டுக்குச் சொல்கிற சொல்லே இல்லை. தாத்தாவுக்குக் காது மந்தம் என்று வீட்டில் சொல்வது. அவன் முகவரியைத் தெளிவாகத்தான் எழுதியிருந்தான். எழுத்தாளர் ஒருவர் ஏன் இந்த இடத்தில் இந்தச் சொல்லைப் போட்டார் என்று பக்கம் பக்கமாகப் பேசுகிற எனக்கு, நண்பனின் நான்கு வாக்கியத்தில் ஒரு சொல் மாறியிருப்பது கண்ணில் படவில்லை.

ஏன் படவில்லை? 'அக்கறை இல்லை' என்று சொல்லிவிட்டால் சுலபம். ஆனால் அது உண்மையில்லை. அக்கறையோடுதான் பதினேழு பதில் எழுதினோம். கோளாறு எங்கள் மொழியில் இருக்கிறது என்பதுதான் என் விமர்சனம். ஹெட்ஃபோன் ரசிகர்களின் மொழியில் கேட்கிறவருக்கு இடமே இல்லை. 'பேஸ் இறுக்கம்', 'மிட்ஸ் முன்னாடி நிக்குது', 'சவுண்ட்ஸ்டேஜ் அகலம்'. எல்லா வாக்கியத்திலும் எழுவாய் ஒரு பொருள். அகலம் என்பது ஹெட்ஃபோனில் எங்கே இருக்கிறது? ஒரு சத்தம் ஒரு காதைவிட இன்னொரு காதுக்கு ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரம் தாமதமாகப் போய்ச் சேர்கிறது. அந்த வித்தியாசத்தையும் சத்த அளவின் வித்தியாசத்தையும் வைத்து மூளை ஒரு மேடையைக் கட்டிக்கொள்கிறது. மேடை கேட்கிறவரின் தலைக்குள் இருக்கிறது. நாம் அதை விலைப்பட்டியலில் சேர்த்துவிட்டோம்.

நாம் அடிக்கடி பகிர்ந்துகொள்ளும் கிராஃபையே பாருங்கள். அதை அளப்பதற்கு ஒரு செயற்கைக் காது இருக்கிறது. ரப்பர் மாதிரியான மடல், உள்ளே ஒரு மைக். ஹெட்ஃபோனை அதன் மேல் வைத்து அளக்கிறார்கள். வருகிற கோட்டை ஹார்மன் கோட்டோடு ஒப்பிடுகிறோம். அந்த ஹார்மன் கோடு ஷான் ஆலிவ், டாட் வெல்டி ஆகியோர் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ஆட்களை உட்காரவைத்துக் கேட்கச்சொல்லி, எது பிடிக்கிறது என்று விசாரித்து உருவாக்கியது. அதாவது அந்தக் கோட்டின் அடியில் மனிதர்கள் இருந்தார்கள், அவர்களுடைய விருப்பம் இருந்தது. எங்கள் பேச்சுக்கு வந்து சேரும்போது அது சட்டமாகிவிட்டது. 'ட்ரெபிள் இல்ல' என்று ஒருவன் சொன்னால் நாங்கள் உடனே அந்த ரப்பர் காதிடம் போய்க் கேட்கிறோம். கேட்டவனிடம் கேட்பதில்லை.

கருவி என்றாலே ஆட்களைப் பிரிப்பது என்று நான் சொல்ல வரவில்லை. 1979-இல் சோனி விற்ற முதல் வாக்மேனில் இரண்டு ஹெட்ஃபோன் துளைகள் இருந்தன. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டு தணிந்து, ஒரு மைக் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தெரியுமோ என்று அகியோ மோரிட்டாவுக்குக் கவலை. மக்களோ ஆளுக்கொரு வாக்மேன் வாங்கிக்கொண்டார்கள். பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பொத்தான் காணாமல் போனது. எங்கள் ஹாஸ்டலில் அந்தப் பொத்தான் இருந்தது என்றுதான் சொல்வேன். ஒரு ஹெட்ஃபோன், ஐந்து தலை. ஒருவன் கேட்கும்போது மற்ற நான்கு பேரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். எந்த இடத்தில் அவன் கண்ணை மூடுகிறான் என்பதுதான் அன்றைய விமர்சனம். ஆளுக்கு ஆறு செட் சேர்ந்த பிறகு முகம் போய்விட்டது, 'மிட்ஸ்' மிஞ்சியது.

உள்ளுறைக்கே திரும்பி வருகிறேன். என் ஒப்பீட்டில் ஒரு ஆளை நான் விட்டுவிட்டேன். அகப்பாடலில் சொல்கிறவர் மட்டும் இல்லை, புரிந்துகொள்ள ஒருவர் எதிரில் இருப்பார். பூவையும் எருமையையும் கேட்டு, அதன் உள்ளே இருப்பதைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்த ஒருவர். அவர் இல்லாவிட்டால் எருமை வெறும் எருமைதான். ஆம்ப் விற்ற அன்று அண்ணா அந்த இடத்தில் இருந்தார், அதனால் அது உள்ளுறை ஆனது. மந்தம் வந்த அன்று நாங்கள் நான்கு பேருமே எருமை வைத்தியர்களாக இருந்தோம்.

இந்தப் பேச்சை விட்டுவிடச் சொல்லவில்லை. நேருக்கு நேர் 'எப்படி இருக்க?' என்று கேட்டால் 'நல்லா இருக்கேன்' என்றுதான் எங்களில் எல்லோரும் சொல்வோம். கேபிள் பற்றிப் பேசும்போதுதான் அப்பாவின் ஆபரேஷன் வெளியே வருகிறது. அந்த வழியை அடைத்துவிட்டால் வேறு வழி எங்களிடம் இல்லை. கேட்கிறவரை வாக்கியத்துக்குள் கொண்டுவந்தால் போதும். 'ட்ரெபிள் இல்ல' என்றால், 'உனக்கு எப்பலேர்ந்து அப்படிக் கேக்குது?' என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

அவன் இப்போது போனில் மோனோ அமைப்பைப் போட்டுக்கொண்டு கேட்கிறான். இரண்டு பக்கத்து ஒலியும் சேர்ந்து வலது காதுக்கே வந்துவிடும். புதுப் பாடல்கள் நெரிசலாக இருக்கின்றன என்கிறான். அறுபதுகளின் பாட்டுகளுக்குப் போய்விட்டான். அவை மோனோவிலேயே பதிவானவை, அவற்றில் அவனுக்கு ஒரு வாத்தியமும் குறைவதில்லை. போன மாதம் எழுதினான்:

"டி.எம்.எஸ். உங்களுக்கு நடு மண்டையில நிப்பாரு, எனக்கு வலது ஓரத்துல நிக்கிறாரு. ஆனா முழுசா நிக்கிறாரு. பேடு தேஞ்சு போச்சு, மாத்தணும்."

முதல் பதில் அண்ணாவுடையது. "இரைச்சல் இருக்குன்னு சொன்னியே, இப்ப எப்படி இருக்கு?"

"ராத்திரி மட்டும் இருக்குண்ணா. இப்ப பழகிடுச்சு," என்று எழுதியவன், அடுத்த நிமிடமே கேட்டான்: "பேடு வெல்வெட்ல வாங்கறதா, லெதர்லயா?"

இதற்கு இருபத்து மூன்று பதில்கள் வந்தன.