பொதியவிழ்க்கும் கருவிகளும் இயல்புநிலையும்

மூலநிரல்களைத் தொகுத்து, வேண்டிய நூலகங்களைத் தருவித்து, முடிவுற்ற மென்பொருளை வெளியிடும் பணி இன்று பெரும்பாலும் தன்னியக்கக் கருவிகளிடமே ஒப்படைக்கப்படுகின்றது. 2000ஆம் ஆண்டில் தனிக்கருவியாக வெளிவந்த ‘அப்பாச்சி அன்ற்’ ஜாவா உலகில் இவற்றுக்கு முன்னோடியாகும். எறும்பின் பெயர்பூண்ட அக்கருவி, எறும்பைப் போலவே, தான் சுமப்பது யாதென நெடுங்காலம் ஆராயவில்லை.

2018 ஜூனில் ஸ்னைக் நிறுவனம் ‘சிப் ஸ்லிப்’ என்னும் பெயரில் வெளிப்படுத்திய குறைபாடு இதனை உணர்த்திற்று. சுருக்கப்பட்ட பொதியினுள் ஒவ்வொரு கோப்பும் தன் பாதையைத் தானே கொண்டுவருகின்றது. ‘மேலடைவுக்குச் செல்க’ எனப் பொருள்படும் இரட்டைப்புள்ளிகள் அப்பாதையில் அடுக்கிவரின், பிரித்தெடுக்கும் நிரல் குறித்த அடைவை விட்டு வெளியேறிப் பிறிதோரிடத்தில் எழுதிவிடும். அன்றும், மேவன் கையாளும் பிளெக்சஸ் ஆக்கைவரும் இதற்கு இலக்காயின. தொகுப்புப் பணி நிகழும் கணினியிலேயே கையொப்பத் திறவுகோல்களும் கடவுச்சொற்களும் இருத்தல் வழக்கம். அங்கு ஒரு கட்டளைக்கோப்பு மாற்றியெழுதப்படின், அக்கணினியிலிருந்து வெளிச்செல்லும் மென்பொருள் யாவும் ஐயத்துக்குரியனவாகும்.

இதனை நிரலாளரின் கவனயீனம் என ஒதுக்குவாருளர். அக்கூற்று பாதியுண்மையே. ஜாவாவின் அடிப்படை நூலகம் பொதியின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் படிக்க உதவுமேயன்றி, முழுப்பொதியையும் பாதுகாப்பாகப் பிரித்துத் தருவதில்லை. எனவே ஒவ்வொருவரும் தாமே சில வரிகள் எழுதினர். அன்றேல் பிறரெழுதியதைப் படியெடுத்தனர். வழுவும் உடன் படியெடுக்கப்பட்டது. திருத்தமுங்கூடத் தோன்றுமளவு எளிதன்று. இறுதிப்பாதை ‘பணி’ என்னும் அடைவின் பெயரோடு தொடங்குகின்றதா என்று எழுத்தளவில் மட்டும் சோதிப்பின், அருகிலுள்ள ‘பணிமனை’யும் தேர்வில் தேறிவிடும்!

பைதன் மொழியின் வரலாறு இன்னும் கண்டனத்துக்குரியது. அதன் ‘தார்’ பொதி நூலகத்தில் இதையொத்த குறை 2007இலேயே சுட்டப்பட்டது. நம்பத்தகாத பொதிகளை ஆராயாது பிரிக்கலாகாதென ஆவணத்தில் எச்சரிக்கை சேர்ந்ததேயன்றி, நிரலின் இயல்பு மாறவில்லை. பொதிகளைத் தாமே தருவித்துத் தாமே பிரிக்கும் தன்னியக்கக் கருவிகள் ஆவணங்களைப் படிப்பதில்லை. 2022இல் இவ்விடயம் மீண்டும் எழுந்தபின், 2023இன் 3.12ஆம் பதிப்பு வடிகட்டும் வசதியைத் தாங்கி வந்தது. அது இயல்புநிலையானது 2025இன் 3.14ஆம் பதிப்பிலேயே. அன்ற் கருவியோ 2018இலேயே, 1.9.12, 1.10.4 ஆகிய பதிப்புகளில், அடைவுக்கு வெளியே எழுதுவதை இயல்பாகத் தடுத்து, வேண்டுவோர் அதனை வெளிப்படையாகக் கோருமாறு செய்தது.