நாற்பது அணாவுக்கு ஒரு வாக்கியம்

பழைய ரூபாய் நோட்டுகளைப் பற்றி நம்மிடம் புழங்கும் பேச்சு பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, ‘உங்க வீட்டு பீரோவுல இது இருந்தா நீங்க லட்சாதிபதி’. இன்னொன்று, ‘அந்தக் காலத்துல ஒரு ரூபாய்க்கு என்னவெல்லாம் வாங்கலாம் தெரியுமா’ என்கிற பெருமூச்சு. இரண்டிலும் யாரும் நோட்டைப் படிப்பதில்லை. நோட்டில் ஒரு வாக்கியம் அச்சாகியிருக்கிறது, கீழே ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அப்படியென்றால் அது ஒரு பிரதி. பிரதியை விமர்சகன் படிக்கிற மாதிரிதான் அதையும் படிக்க வேண்டும்.

நான் எடுத்துக்கொள்வது பிரிட்டிஷ் இந்திய அரசு வெளியிட்ட இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு. 1917 நவம்பர் 30 அன்று அரசின் முதல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. அதன் பின்னாலேயே வந்தது இந்த இரண்டரை ரூபாய். பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற கணக்கில் நாற்பது அணா, பத்து ரூபாயில் கால் பங்கு. 1926 ஜனவரி 1 அன்று இரண்டையும் வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள். இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிற அரிய நோட்டுகளில் இதுவும் ஒன்று.

ஏன் வந்தது? அப்போது ஒரு ரூபாய் என்பது வெள்ளி நாணயம். முதல் உலகப் போரில் வெள்ளி விலை ஏறிக்கொண்டே போக, ஒரு கட்டத்தில் நாணயத்தைச் செலவழிப்பதைவிட உருக்குவது லாபம் என்றானது. ஜனங்கள் நாணயத்தைப் பதுக்கினார்கள். 1918இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் போட்டுத் தன் டாலர் நாணயங்களை உருக்கி, சுமார் 26 கோடி டாலர் நாணயங்களுக்குச் சமமான வெள்ளியை இந்தியாவுக்காக பிரிட்டனுக்கு விற்றது. அந்த நெருக்கடியில் பிறந்த தாள் இது.

இனி வாக்கியம். கேட்டவுடன் இதைக் கொண்டுவருபவருக்கு இவ்வளவு ரூபாய் தருவதாக நான் உறுதியளிக்கிறேன் என்பது அதன் சாரம். ‘தன்மை ஒருமை’யில் பேசும் அரசாங்கம்! பேரரசு என்ற பிரம்மாண்டம் ஒரு அதிகாரியின் ‘நான்’ என்ற சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்த ‘நான்’ சென்னையில் எப்படிக் கேட்டிருக்கும்? இரண்டரை ரூபாய் நோட்டில் வெளியீட்டு வட்டத்தைக் குறிக்கும் ஓர் எழுத்து உண்டு. சென்னைக்கு ‘எம்’. அந்த நோட்டு புழக்கத்துக்கு வந்தபோது அர்பத்நாட் கம்பெனி திவாலாகிப் பதினோரு வருஷம்தான் ஆகியிருந்தது. 1906 அக்டோபர் 22 அன்று அது கதவை மூடியபோது போனது ஏராளமானவர்களின் சேமிப்பு. சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று, 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. கையெழுத்துப் போட்ட ஒரு வெள்ளைக்கார வாக்குறுதி காற்றில் போனதைப் பார்த்த ஊர் இது. அந்த ஊரின் கையில்தான் இன்னொரு கையெழுத்தைக் கொடுத்தார்கள்.

லண்டனோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 1914 ஆகஸ்டில் போர் பயத்தில் வங்கிகள் ஆட்டம் கண்டபோது பிரிட்டிஷ் கருவூலம் அவசரமாக நோட்டு அடித்தது, அதுவும் தபால்தலை அச்சிடும் தாளில். அதில் உறுதிமொழியே கிடையாது. எந்தத் தொகைக்கும் இது செல்லும், அவ்வளவுதான். அது கட்டளை. நம்முடையது வாக்குறுதி. சொந்த நாட்டில் கட்டளையாகப் பேசிய அரசு, காலனியில் வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. வெள்ளியைக் காட்டாமல் இங்கே யாரும் நம்ப மாட்டார்கள் என்று அதற்குத் தெரியும்.

1940இல் இன்னொரு போர், இன்னொரு பதுக்கல். மறுபடியும் ஒரு ரூபாய் நோட்டு வந்தது, ஆனால் இந்த முறை உறுதிமொழி போய்விட்டது. இந்தத் தாளே ரூபாய் நாணயம் என்று சட்டம் சொல்லிவிட்டது. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். 1917 நோட்டு ஒரு பாயின்ட்டர். மதிப்பு எங்கோ கருவூலத்து வெள்ளியில் இருக்கிறது, நோட்டில் இருப்பது அதன் முகவரி. 1940இல் முகவரியையே மதிப்பு என்று அறிவித்துவிட்டார்கள். இனி பத்து ரூபாய் நோட்டை நீட்டி நாணயம் கேட்டால், பத்து ஒரு ரூபாய் நோட்டைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாம். தாளுக்குத் தாள். சட்டப்படி எல்லாம் சரி.

நாணயச் சந்தையின் ரசனையோடு எனக்கு இருக்கும் சண்டை இங்கேதான். அங்கே அதிக விலை, மடிப்பே விழாத, கைபடாத நோட்டுக்கு. இலக்கியத்தில் சொன்னால், யாருமே பிரித்துப் படிக்காத புத்தகத்துக்கு முதல் பரிசு. ஆனால் நெருக்கடியில் வந்த தாளின் கதை அதன் மடிப்பில்தான் இருக்கிறது. நாலாக மடித்து இடுப்பில் செருகியவர், கடைக்காரர் முகத்தைப் பார்த்துத் தயங்கி நீட்டியவர், இவர்கள்தான் அதன் வாசகர்கள்.

அரிது என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். நம்பாதவர் நோட்டைக் கொடுத்து வெள்ளி வாங்கிக்கொண்டார். அந்த நோட்டு அழிக்கப்பட்டது. அப்படியானால் இன்று மிஞ்சியிருக்கும் ஒவ்வொன்றும் யாரும் போய்க் கேட்காமல் விட்ட வாக்குறுதி. சேர்த்து வைத்தவர் மறந்திருக்கலாம், செத்துப்போயிருக்கலாம், முழுதாக நம்பியிருக்கலாம். எது என்று தாள் சொல்லாது. ஏலத்தில் நாம் விலை வைப்பது அந்த ஒருவருக்கு வந்து சேராத நாற்பது அணாவுக்கு.

அடுத்த முறை கண்காட்சியில் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றைப் பார்த்தால், விலைச்சீட்டைக் கடைசியில் பாருங்கள். முதலில் மடிப்பைப் பாருங்கள். பிறகு ‘எம்’ இருக்கிறதா என்று தேடுங்கள். அதற்கப்புறம் அந்த வாக்கியத்தை ஒரு தரம் முழுசாகப் படியுங்கள்.