பேய்லீஃப் உழவர் மனை: மீட்டமைப்பும் மெய்ம்மையும்

ஏட்டுச் சுவடியைப் பதிப்பிப்பார்க்கு நேரும் இடர்ப்பாடு பழங்கட்டடத்தைப் புதுக்குவார்க்கும் நேர்வதுண்டு. பிற்காலத்தார் சேர்த்தவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதே அது. இங்கிலாந்து நாட்டுப் பேய்லீஃப் உழவர் மனை இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

கெண்ட் மாவட்டத்துச் சிடிங்ஸ்டன் பகுதியில் நின்ற இம்மனை, அங்கு நீர்த்தேக்கம் அமைக்கப்பெற்றபோது 1968–69இல் பிரித்தெடுக்கப்பட்டது. பின்னர் மேற்குச் சசெக்சில் சிங்கிள்டன் என்னுமிடத்துத் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. மரச்சட்டக மனையாதலின் இஃது இயன்றது. ஓக்கு மரத்தைப் பச்சையாகவே செதுக்கி, துளையிற் கழுந்தைப் பொருத்தி, மரமுளை அறைந்து பிணைப்பது அந்நாட்டுத் தச்சர் மரபு. சுமை முழுவதையும் சட்டகமே தாங்கும். வரிச்சுக் கட்டி மண்சாந்து அப்பிய சுவர் இடைவெளியை அடைப்பதன்றிச் சுமை தாங்குவதன்று.

மனையின் நடுவே இரண்டு அங்கணங்களையுடைய கூடம் கூரைவரை திறந்து நிற்கிறது. இரு முனைகளிலும் ஈரடுக்கு அறைகள் உள்ளன. அவற்றின் மேல்தளம் முன்னே துருத்தி நிற்றலின் கூடம் உள்வாங்கித் தோன்றும். ஆயினும் கூரை ஒன்றே. ஆதலின் கூடத்தின் முன் இறவாரத்தை வளைந்த தாங்குமரங்கள் ஏந்துகின்றன. கூடத்துத் தரையில் திறந்த அடுப்பு உண்டு, புகைபோக்கி இல்லை. சன்னல்களில் கண்ணாடி இல்லை. நெடுக்கு மரச்சட்டங்களும் கதவுகளுமே உள்ளன. கீழ்முனையில் வாயில்களும் உணவும் பருகுவனவும் வைக்கும் அறைகளும் அமைந்தன. மேல்முனையில் தலைவனின் இருக்கையும், அதற்கப்பால் அவனுக்குரிய அறைகளும் அமைந்தன. ஒரே புகையினூடே அமர்ந்து உண்டாரேனும் தலைவனும் ஏவலரும் ஒருநிலையினர் அல்லர் என்பதைக் கூடத்தினிடையே சுவர் எழுப்பாமலே இவ்வமைப்பு உணர்த்துகிறது. இதன் சிறப்பு இதுவே எனலாம்.

இனி, மீட்டமைப்பின் தகுதியை ஆராய்வோம். கூடமும் கீழ்முனையும் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சார்ந்தன. மேல்முனையோ 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சார்ந்தது. மனையைப் புதுக்கியோர் 1540ஆம் ஆண்டையொட்டிய தோற்றத்தை எல்லையாகக் கொண்டனர்; அதற்குப் பின்னர்க் கூடத்திற் சேர்ந்த புகைபோக்கியையும் இடைத்தளத்தையும் விலக்கினர். நூறாண்டு கழித்து வந்த மேல்முனை ஏற்கப்பட, அதன்பின் வந்த புகைபோக்கி தள்ளப்பட்டது ஏன் என வினவலாம். இரண்டும் அங்கு வாழ்ந்தோர் செய்த மாற்றங்களே. ஏடெழுதுவோர் பிழையால் நுழைந்த இடைச்செருகல் போல்வன அல்ல. இவ்வகையில் மீட்டமைப்பு குறையுடையதே.

எனினும், இடைத்தளம் நீங்காதிருப்பின் கூடத்தின் உயரத்தையும், அதன் மேல்கீழ் முறைமையையும் காண்பார் உணர்தல் அரிது. இத்தகைய மனைகளின் பழைய வடிவைத் துணிதற்கு வெற்றுத் துளைகளும், கூரைமரங்களிற் படிந்த புகைக்கரியும் சான்றாக நிற்கின்றன. சான்றின்வழிச் செய்யும் விலக்கு வெறுங்கற்பனை ஆகாது. ஆதலின் இம்மீட்டமைப்பு ஏற்கத்தக்கதே. ஆனால், அதனை மூலம் என்று கொள்ளலாகாது. ஒரு காலநிலையைத் தெரிந்தெடுத்துக் காட்டும் நல்ல பதிப்பு என்றே கொள்ளல் வேண்டும். நல்ல பதிப்பாசிரியர் தாம் தள்ளிய பாடத்தையும் அடிக்குறிப்பிற் காட்டுவர். புகைபோக்கியும் இடைத்தளமும் தந்த பிற்கால வாழ்வை அவ்வாறு காண்பார்க்கு உணர்த்துதல் புதுக்கியோர் கடனாகும்.