எடுக்காமல் விட்ட முடி

புருவம் திருத்துவதை வெறும் முடி பிடுங்கும் வேலையாக நினைப்பவர்கள் பலர். ஃபேஷியலுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்குதான் ஐப்ரோ த்ரெட்டிங்குக்கு. ஆனால் பார்லரில் நடக்கும் வேலைகளிலேயே கூர்மையான கண் வேண்டியது இதற்குத்தான். 2003இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், பிரபலங்களின் படங்களில் ஒருமுறை கண்களையும் ஒருமுறை புருவங்களையும் அழித்துவிட்டு, யாரென்று கேட்டார்கள். கண் இல்லாத முகத்தைவிடப் புருவம் இல்லாத முகத்தைக் கண்டுகொள்ளவே பார்த்தவர்கள் அதிகம் திணறினார்கள். நாட்டிய சாஸ்திரம் புருவத்துக்கென்றே ஏழு அசைவுகளை வகுத்திருப்பதும் பொருத்தம்தான். நூலை எடுப்பவர் கைவைப்பது ஒருவரின் அடையாளத்தில்.

கருவி என்று பார்த்தால் ஒரு பருத்தி நூல். ஒரு முனையைப் பல்லில் கடித்து, மீதியை இரு கைகளிலும் வளைத்து முறுக்கி, விரல்களை விரித்து மூட, முறுக்கு முன்னும் பின்னும் ஓடுகிறது. அதில் சிக்கிய முடி வேரோடு வருகிறது. வாடிக்கையாளரும் இமையையும் நெற்றியையும் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடி தளர்ந்தால் தோல் கிழியலாம். பிளக்கர் ஒவ்வொன்றாகப் பிடுங்கும். வாக்ஸ் பட்ட இடத்தையெல்லாம் வழித்து, மேல்தோலையும் கொஞ்சம் உரித்துக்கொண்டு போகும். நூல் ஒரு வரிசையையே எடுக்கும், நினைத்த முடியோடு நிற்கவும் செய்யும். எங்கே நிற்பது என்பதில்தான் தேர்ச்சி தெரிகிறது. புருவத்தின் மேல்வரிசை முடி கீழ்நோக்கிச் சாயும், கீழ்வரிசை மேல்நோக்கிச் சாயும். இரண்டும் சேரும் இடத்தில் அடர்த்தி கூடும். தேர்ந்த கை அந்த இடத்தை நெருங்காது. அதைச் சுற்றிச் சிதறிய முடியை மட்டும் எடுத்து, எலும்பின் மேட்டில் ஏற்கெனவே இருக்கும் வளைவை வெளியே கொண்டுவரும்.

இதற்கெல்லாம் கணக்கு இருக்கிறதே என்பார்கள்: மூக்கின் ஓரத்துக்கு நேர்மேலே புருவம் தொடங்க வேண்டும், மூக்கோரத்திலிருந்து கடைக்கண் வழியாக இழுத்த கோட்டில் முடிய வேண்டும். தொடங்குவதற்கு அது உதவும். ஆனால் யாருக்கும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வலதை இடதுக்கு ஒப்பாக்க இரண்டு முடி, பிறகு இடதை வலதுக்கு ஒப்பாக்க இரண்டு என்று போனால் கடைசியில் மிஞ்சுவது ஒரு கோடு. பெண்கள்மேல் சுமத்தப்பட்ட அழகுக் கட்டாயத்தை ஏன் கலை என்று கொண்டாட வேண்டும் என்ற கேள்வி இந்தக் கணக்கு வாதத்தைவிடக் கனமானது. கூடுபுருவத்தைக் கேலி செய்து ஒரு சிறுமியை நூலுக்கு அனுப்புவது கொடுமைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. அதனால்தான், வந்தவர் விரும்பினால் அந்தக் கூடுபுருவத்தையும் தொடாமல் ஓரத்தை மட்டும் துலக்கி அனுப்பும் பியூட்டிஷியனை உயர்ந்த கலைஞர் என்கிறேன்.

அடுத்த முறை நாற்காலியில் சாயும்போது “மெல்லிசா எடுங்க” என்று சொல்லிவிடாதீர்கள். ஓரத்தை மட்டும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். எடுத்த புருவம் முழுதாகத் திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம். ஆண்டுக்கணக்கில் பிடுங்கிய இடத்தில் சில வேர்கள் திரும்ப முளைப்பதே இல்லை.