வாழாமலே வந்து போகிறவர்கள்

மாரியோ கிளிங்கெமானின் 'மெமரீஸ் ஆஃப் பாஸர்ஸ்பை 1' (2018) படைப்பை நான் நேரில் பார்த்ததில்லை. வீடியோவில்தான். ஒரு மர அலமாரி, அதற்குள் கணினி, பக்கத்தில் இரண்டு திரைகள். 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையிலான ஐரோப்பிய உருவப்படங்களைப் பார்த்துப் பழகிய நியூரல் நெட்வொர்க் அதில் முகங்களை வரைந்துகொண்டே இருக்கிறது. ஒரு பெண் உருவாகிறாள். கண் தெளிகிறது, ஏதோ சொல்ல வருகிற மாதிரி உதடு. அதற்குள் கன்னம் கரைந்து வேறொருத்தி வந்துவிடுகிறாள். முதல் பெண் இனி வரமாட்டாள். எதுவும் சேமிக்கப்படுவதில்லை.

இதை அமானுஷ்யம் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். சரியாக வரவில்லை. நம்ம ஊர்ப் பேய்க்குக்கூட ஒரு பேர் உண்டு, எந்தக் கிணறு, எந்தப் புளியமரம் என்று விலாசமும் உண்டு. ஒருகாலத்தில் வாழ்ந்த ஆள். இவர்கள் யாருமே வாழ்ந்ததில்லை. ஃப்ராய்ட் 1919இல் எழுதிய கட்டுரையின் தலைப்பில் இருக்கும் ஜெர்மன் சொல்லுக்குள் 'வீடு' ஒளிந்திருக்கிறது: பழகினதே அந்நியமாகிற திகில். அது கொஞ்சம் பொருந்துகிறது.

வழக்கமாக இந்த இடத்தில் மசாஹிரோ மோரியின் 1970 கட்டுரையை இழுப்பார்கள். ரோபோ ஏறக்குறைய மனிதன் மாதிரி ஆகும்போது நமக்கு அருவருப்பு வரும் என்பது அவர் வாதம். ஆனால் இங்கே முகம் கோணலாக இருப்பதா பிரச்சினை? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'எட்மண்ட் டி பெலாமி' முகமும் கலங்கித்தான் கிடக்கிறது. பாரிஸின் ஆப்வியஸ் குழு அதை கேன்வாஸில் அச்சிட்டு, தங்கச் சட்டம் போட்டு, மூலையில் கையெழுத்துக்குப் பதில் ஒரு சூத்திரத்தை வைத்தது. 2018 அக்டோபரில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 4,32,500 டாலர். (கிளிங்கெமானுடையது அடுத்த மார்ச்சில் சாத்பீஸில் 40,000 பவுண்டுக்குப் போனது.) பெலாமியைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. உறைந்துபோன முகத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் முறைத்துப் பார்க்கலாம். பயம் தெளிந்துவிடும்.

கிளிங்கெமான் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. 'இது ஒரு ஆள்' என்று மனசு ஒப்புக்கொள்கிற அதே நொடியில் ஆளைப் பிடுங்கிவிடுகிறார். யாருமே இல்லாத ஒருத்திக்காக ஒரு கணம் துக்கப்பட்டேன். அப்புறம் வெட்கமாக இருந்தது.

இப்போது வரும் கருவிகள் பிசிறில்லாத முகம் தருகின்றன. அவற்றை ஸ்க்ரோல் பண்ணிக் கடந்துவிடுகிறேன். அந்த வீடியோவை மட்டும் இரவில் போட்டுப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.